கடைசி ரீல் வராத படம்

போன மாதம் எங்கள் பழைய தீயணைப்பு நிலையத்தின் இப்போதைய அலுவலர் தொலைபேசியில் கூப்பிட்டார். புதிதாக மூச்சுக் கருவிகள் வந்திருக்கின்றனவாம். முகமூடியிலேயே சின்ன ஸ்பீக்கர் வைத்திருக்கிறார்களாம். உள்ளே இருப்பவர் பேசுவது வெளியே தெளிவாகக் கேட்குமாம்.

"சார், நம்ம ஸ்டேஷன்ல மட்டும் ஒரு பழக்கம் இருக்கு. மாஸ்க் போட்டுனு, காப்பாத்த வேண்டிய ஆள் கிட்ட போறதுக்கு முன்னாடி மூணடி தள்ளி நின்னு, வலது கை கிளவுஸ கழட்டி, கைய காட்டி, பேர் சொல்லணும்னு. புக்குல எங்கியும் இல்ல. புதுசா வந்தவங்க சிரிக்கிறாங்க. எடுத்துடலாமா? யார் சார் இத்த கொண்டாந்தது?"

"கொண்டுவந்தவர் தணிகாசலம் சார். காரணம் நான். எனக்குக் காரணம் ஒரு இங்கிலீஷ் படம்" என்றேன். அவரும் சிரித்தார். தொலைபேசியில் சொல்கிற விஷயம் இல்லை, எழுதி அனுப்புகிறேன் என்று வைத்துவிட்டேன். அதைத்தான் எழுதுகிறேன்.

என் பெயர் ஜெயசீலன். ஃபயர்மேனாகச் சேர்ந்து லீடிங் ஃபயர்மேனாக ஓய்வு பெற்றேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எழுபதுகளின் நடுவில் மெட்ராஸில் சில மாதம் ஓடவிட்டார்கள், ஏணி ஏறவிட்டார்கள், கண்ணைக் கட்டிவிட்டு முடிச்சுப் போடச் சொன்னார்கள். பிறகு ஆம்பூரில் போட்டார்கள். அங்கேதான் வேலை கற்றுக்கொண்டேன்.

நிலைய அலுவலர் தணிகாசலம் சார் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எங்களையெல்லாம் 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். தப்பாகச் செய்தால் தொப்பியைக் கழற்றி, உள்ளே ஒருமுறை பார்த்துவிட்டு, மறுபடி மாட்டிக்கொண்டு, "சரி. இன்னொரு வாட்டி" என்பார். அவ்வளவுதான். நாலு தடவை 'இன்னொரு வாட்டி' கேட்டுவிட்டால் பெரிய ஆள்களுக்கே கண் கலங்கிவிடும். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று நாங்கள் பேசிக்கொள்வோம். மணி அடித்தால் அவர் முதலில் செய்வது காலர் பொத்தானைப் போடுவது. போன் செய்தவரிடம் மூன்றே கேள்விதான் கேட்பார்: "ஆளு எத்தினி? எங்க கீறாங்க? கண்ணால பாத்தது யாரு?" மூன்றாவது கேள்விக்குப் பதில் வந்தால்தான் ரிசீவரை வைப்பார். அதற்குள் நாங்கள் வண்டியில் ஏறியிருக்க வேண்டும்.

எங்களிடம் இரண்டே மூச்சுக் கருவிகள். பி.ஏ. செட் என்போம். முதுகில் இரும்பு சிலிண்டர், முகம் முழுக்க மூடும் ரப்பர் முகமூடி, நடுவில் குழாய். போடுவதற்கு ஒரு வரிசை உண்டு. சிலிண்டரைத் திறந்து அளவு முள்ளைப் பார்க்க வேண்டும். முகமூடியை மாட்டிக் குழாயின் வாயை உள்ளங்கையால் அடைத்து மூச்சை இழுக்க வேண்டும். முகமூடி முகத்தோடு ஒட்டிக்கொண்டால் சரி, ஒட்டாவிட்டால் எங்கோ காற்றுப் போகிறது. பிறகு குழாயை மாட்டி, உங்கள் பெயர் எழுதிய தகட்டை வெளியே நிற்பவரிடம் கொடுக்க வேண்டும். அவர் நேரத்தைக் குறித்துக்கொள்வார். இடுப்பில் கயிறு. ஒரு இழுப்பு என்றால் நலம், இரண்டு என்றால் தளர்த்து, மூன்று என்றால் தூக்கு. கயிறுதான் பேச்சு. ஏனென்றால் அந்த முகமூடிக்குள் போய்விட்டால் நாம் பேசுவது வெளியே கேட்காது, வெளியே பேசுவது நமக்குக் கேட்காது. காதில் விழுவதெல்லாம் உஸ், உஸ் என்று நம் மூச்சுச் சத்தம்தான்.

இனி படம். எண்பதுகளின் தொடக்கத்தில் பஜார் பக்கத்து டாக்கீஸில் ஒரு பழைய கறுப்பு வெள்ளை இங்கிலீஷ் படம் போட்டார்கள். ரீல் தேய்ந்து திரை முழுக்க மழைக்கோடு. எங்கோ பனி பெய்யும் மலையடிவாரத்தில், கவிழ்த்த பிரியாணி தேக்சா போல ஒரு வண்டி ஆகாயத்திலிருந்து இறங்கும். உள்ளேயிருந்து ஒருவன் வருவான். முகமூடி, முதுகில் உருளை, நடுவில் குழாய். கையில் தடிமனான உறை. பேசவே மாட்டான். உஸ், உஸ் என்று மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். அந்தக் கையால் யாரைத் தொட்டாலும் அவர் தூங்கி விழுவார். அவரைத் தோளில் போட்டுக்கொண்டு வண்டிக்குள் போய்விடுவான். கடைசியில் ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் எடுத்துக்கொண்டு வண்டி மேலே கிளம்பும். அதோடு டாக்கீஸில் விளக்கைப் போட்டுவிடுவார்கள்.

வாசலில் ரோஸ் கலர் நோட்டீஸ் கொடுத்தார்கள். கதைச்சுருக்கம். 'ஆகாயத்திலிருந்து வந்தவன் யார்? தூங்கியவர்களின் கதி என்ன? மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று அதில் அச்சடித்திருந்தது. வெள்ளித்திரையிலும் மீதி இல்லையே என்று யாரும் கேட்கவில்லை. இங்கிலீஷ்காரன் இப்படித்தான் முடிப்பான் போலிருக்கிறது என்று எழுந்து வந்துவிட்டோம்.

ஒரு வாரம் ஓட வேண்டிய படம் மாதக்கணக்கில் ஓடியது. ஊரே அவனாகிவிட்டது. சலூனில் 'தட்டு கட்டிங்' என்று ஒன்று வந்தது. வெள்ளிக் கலர் தோலில் செருப்பு தைத்து விற்றார்கள், கல்யாண ஊர்வலத்தில் பேண்டு வாத்தியக்காரர்கள் ஜிகினா ஒட்டிய தொப்பி போட்டுக்கொண்டார்கள். எங்கள் சர்ச்சில் கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு வந்த தேவதூதன்கூட ஒரு மாதிரி உஸ் உஸ் என்றுதான் மூச்சுவிட்டான், பாஸ்டர் முறைத்தார். பேச்சிலும் புது வார்த்தை சேர்ந்தது. தோல் பதனிடும் டேனரியில் யாராவது சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்தால், "இன்னாடா, தொட்டுட்டானா?" என்பார்கள். தூங்குகிறவன் கண்ணைத் திறக்காமலே "தொட்டுட்டான்" என்பான். ஊரில் அதற்குச் சிரிக்காத ஆளே கிடையாது.

அந்த ஆண்டு தீத்தடுப்பு வாரத்தில் டேனரி டேனரியாகப் போய்ச் செயல்விளக்கம் காட்டினோம். பாலாற்றங்கரைப் பக்கம் ஒரு டேனரி. பெயர் வேண்டாம். சாப்பாட்டு இடைவேளையில் தொழிலாளர்கள் கூடி நின்றார்கள். நான் பி.ஏ. செட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்ததும் ஒரே விசில். "வந்துட்டான்டா" என்று ஒருவன் கத்தினானாம். எனக்கு வயது இருபத்தெட்டு. கைதட்டல் யாருக்குத்தான் கசக்கும். படத்தில் வருகிறவனைப் போலக் காலை அகட்டி நடந்தேன். முன்வரிசையில் நின்ற ஒருவரைக் கையுறையோடு தோளில் தொட்டேன். அவர் அப்படியே கண்ணைச் செருகிக்கொண்டு என் மேல் சாய்ந்தார். தோளில் போட்டுக்கொண்டு கேட் வரைக்கும் நடந்தேன். கூட்டம் சிரித்த சிரிப்பு முகமூடிக்குள்ளும் கேட்டது.

தோளில் கிடந்தவர் பெயர் கவுஸ். டேனரியில் சுண்ணாம்புக் குழி வேலை. இறக்கிவிட்டு முகமூடியைக் கழற்றியதும், "சார், அடுத்த வருசம் வந்தாலும் என்னியே தொடுங்க" என்றார். பக்கத்தில் அவருடைய தோஸ்த் முனிரத்தினம் நின்றுகொண்டிருந்தார். "இவன் பத்து வாட்டி பாத்துட்டான் சார் அந்தப் படத்த. எடுத்துனு போனவங்கள அவன் திருப்பி வுட்ருவான்னு எங்கிட்ட பந்தயம் கட்டினு கீறான்" என்று சொல்லிச் சிரித்தார்.

நிலையத்துக்குத் திரும்பியதும் தணிகாசலம் சார் தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தார். "ஜெயசீலன், அந்த மாஸ்க்க பாத்தா ஜனங்களுக்கு என்ன தோணணும்?" என்று கேட்டார். தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை மதியம் மணி அடித்தது. அதே டேனரி. "ரெண்டு பேர். கழிவுத் தொட்டில. கண்ணால பாத்தது மேஸ்திரி" என்று சொல்லிக்கொண்டே சார் ஏறினார்.

நடந்ததைப் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டோம். தரைக்கடியில் இருந்த தொட்டியில் வண்டல் அடைத்துக்கொண்டது. கவுஸ் இறங்கினார். அந்தத் தொட்டிகளில் அழுகிய முட்டை நாற்றத்தோடு ஒரு வாயு சேர்ந்திருக்கும். கொஞ்சம் இருந்தால் நாறும், ஜாஸ்தியானால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. ஆபத்து போய்விட்டது என்று ஆள் நினைக்கும்போதுதான் விழுவான். கவுஸ் சுவரில் சாய்ந்து சரிந்தார். மேலே நின்ற முனிரத்தினம் எட்டிப் பார்த்து, "இன்னாடா, தொட்டுட்டானா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். செயல்விளக்கத்துக்குப் பிறகு கவுஸ் தினமும் நாலு தடவை அப்படிச் சரிந்து காட்டிக்கொண்டிருந்த ஆள். 'தொட்டுட்டான்' என்று பதில் வரும் என்று காத்திருந்தார்கள். எவ்வளவு நேரம் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. பதில் வராமல் போன பிறகுதான் முனிரத்தினம் ஏணியில் இறங்கினார்.

நாங்கள் போனபோது தொட்டியின் மேல் இரண்டு வாய்கள் திறந்திருந்தன. வாயுவை அடக்க, சார் ஒன்றின் வழியாகத் தண்ணீரைத் தூறலாக அடிக்கச் சொன்னார். நான் செட்டை மாட்டினேன். முள்ளைப் பார்த்தேன், குழாயை அடைத்து இழுத்தேன், தகட்டைக் கொடுத்தேன். இரண்டாவது செட்டில் ஆறுமுகம் என்ற ஃபயர்மேன் மேலேயே தயாராக நின்றார். சிலிண்டரோடு ஏணி இருந்த வாயில் நுழையவே உடம்பைத் திருப்பித் திருப்பி இறங்க வேண்டியிருந்தது. இரண்டு ஆள் உயரம். முழங்காலுக்கு மேல் வண்டல்.

டார்ச்சை அடித்தேன். முனிரத்தினம் இரண்டாவது வாய்க்கு நேர் கீழே, ஒரு குழாய் மேல் உட்கார்ந்திருந்தார். தலை தொங்கியிருந்தது, ஆனால் கண் திறந்திருந்தது. நாலைந்து அடி தள்ளி, இருட்டுப் பக்கம் சுவரில் சாய்ந்தபடி கவுஸ் கிடந்தார். விதிப்படி உயிர் தெரிகிற ஆளை முதலில் எடுக்க வேண்டும். நான் முனிரத்தினத்தை நோக்கி நடந்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை இப்போதும் விவரிக்க எனக்கு இஷ்டமில்லை. வாய் பெரிதாகத் திறந்து எதையோ கத்தியது. என் காதில் உஸ், உஸ் என்பதைத் தவிர ஒன்றுமில்லை. நான் கையை நீட்டினேன், கையுறையோடு. அவர் என் மார்பில் உதைத்துவிட்டுக் குழாயிலிருந்து இருட்டுப் பக்கம் விழுந்தார். நல்ல காற்று வந்த ஒரே இடத்தை விட்டுவிட்டு, வாயு அதிகமாக இருந்த இடத்துக்குப் போய்விட்டார். நான் பின்னாலேயே போனேன். மறுபடி உதைத்தார், என் முகமூடியைப் பிடித்து இழுத்தார். ஒரு மூச்சு உள்ளே போனது. தொண்டையில் மிளகாய் அரைத்த மாதிரி இருந்தது. எனக்குக் கோபம்தான் வந்தது. காப்பாற்ற வந்தவனை அடிக்கிறானே என்று மனசுக்குள் திட்டினேன். அப்படித் திட்டியதை மறைப்பானேன்.

அவர் கை கால் ஓய்ந்த பிறகு, கூடக் கொண்டுவந்த தூக்குக் கயிற்றின் வளையத்தை மாட்டப் போனேன். ஒரே கயிற்றில் இரண்டு வளையம் முன்பே போட்டுத்தான் இறங்குவோம், ஒன்று அக்குளுக்கு, ஒன்று முட்டிக்கு அடியில். வண்டல் பட்ட கையுறை வழுக்கியது. அதைக் கழற்றி எறிந்தேன். வெறுங்கையை அவர் கழுத்துக்கு அடியில் கொடுத்துத் தூக்கியபோது, கண் மூடியிருந்த அந்த ஆள் என் விரல்களைப் பிடித்துக்கொண்டார். பிடித்ததை விடவேயில்லை. இடது கையாலேயே வளையங்களை மாட்டி, மூன்று முறை இழுத்தேன். விரலைப் பிய்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

பிறகு கவுஸை எடுத்தேன். தோளில் போட்டுக்கொண்டு ஏணி வரைக்கும் நடந்தேன். இரண்டு மாதத்தில் அதே தோளில் இரண்டாவது தடவை. வழியில் சிலிண்டர் தீர்கிற விசில் அடித்தது. நாங்கள் அவரை மேலே ஏற்றிப் படுக்கவைத்து நெஞ்சை அழுத்தினோம், ஆஸ்பத்திரிக்கு ஓட்டினோம். முனிரத்தினம் ஒன்பது நாள் படுக்கையில் இருந்து எழுந்துவிட்டார். கவுஸ் எழுந்திருக்கவில்லை. நாங்கள் வருவதற்கு முன்பே போயிருக்கலாம் என்றார் டாக்டர். 'இருக்கலாம்' என்ற அந்த வார்த்தை எனக்கு முப்பது வருடமாக ஜீரணமாகவில்லை.

அறிக்கையில் நான் எழுதினேன்: 'முதல் நபர் பயத்தால் பின்வாங்கி ஓடியதால் மீட்பில் தாமதம் ஏற்பட்டது.' சார் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மறுநாள், இன்னும் ஓடிக்கொண்டிருந்த அதே படத்தின் மேட்னி ஷோவுக்கு யூனிஃபார்மோடு டிக்கெட் எடுத்துக்கொண்டு போனார். அவர் சினிமா பார்க்கிற ஆளே இல்லை. பாக்கெட் நோட்டில் குறிப்பெடுத்தாராம், பக்கத்து சீட்காரர் ரெய்டு என்று பயந்து எழுந்து போய்விட்டாராம். படம் முடிந்ததும் நேராக ஆபரேட்டர் அறைக்குப் போய், "கடைசி ரீல் எங்க?" என்று கேட்டிருக்கிறார். வேறு ஊரிலிருந்து படப்பெட்டி வரும்போதே கடைசி ரீல் இல்லையாம். கேட்டவர் ஒருவரும் இல்லாததால் அப்படியே ஓட்டிவிட்டார்களாம்.

நிலையத்துக்கு வந்து எங்களை வரிசையில் நிற்கவைத்தார். "மாஸ்க்குக்குள்ள கீறது யாருன்னு அவங்களுக்குத் தெரியாது. நம்ம குரலும் போவாது. அன்னிக்கு எது வேலை செஞ்சுது ஜெயசீலன்?"

"கை சார்."

"மூணடில நிக்கணும். கிளவுஸ கழட்டணும். கைய காட்டணும். கேக்குதோ கேக்கலையோ, பேர் சொல்லணும். சரி, செய்ங்க" என்றார். செய்தோம். "இன்னொரு வாட்டி" என்றார். அன்றைக்கு இருட்டுகிற வரைக்கும் இன்னொரு வாட்டிதான். அந்தத் தடவை எனக்கு அது கசக்கவில்லை.

அதனால், கேட்ட அலுவலருக்குச் சொல்கிறேன். ஸ்பீக்கர் நல்ல சாமான், வாங்கிக்கொள்ளுங்கள். கையைக் காட்டுவதை எடுக்காதீர்கள். சிரிக்கிறவர்கள் கொஞ்ச நாள் சிரிக்கட்டும்.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் அந்த அறிக்கையில் நான் எழுதியது தப்பு, அதையும் சொல்ல வேண்டும்.

ஐந்தாறு வருடம் கழிந்து முனிரத்தினம் நிலையத்துக்கு வந்தார். டேனரியை விட்டு ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் சேர்ந்திருந்தார். "ஞாயித்துக்கெழம மத்தியானம் ஊட்டுக்கு வாங்க சார். வீடியோ டெக் வாடகைக்கு எடுக்கறேன். சவுதிலேர்ந்து வந்த ஒருத்தர்கிட்ட அந்தப் படம் கேசட்டு கீது. முழுசா கீதாம்" என்றார். எனக்குப் போகப் பிடிக்கவில்லை. ஆனாலும் போனேன்.

விளக்கை அணைத்துவிட்டு நாங்கள் இரண்டு பேரும் பார்த்தோம். வண்டி மேலே கிளம்பும் இடம் வந்தது. டாக்கீஸில் விளக்குப் போட்ட இடம். இங்கே படம் தொடர்ந்தது. அந்த அடிவாரத்துத் தண்ணீரில் ஏதோ நோய். அவன் எல்லோருக்கும் மருந்து கொடுத்து, விடிவதற்குள் திரும்ப வந்து, ஒவ்வொருவரையும் அவரவர் வீட்டு வாசலில் கொண்டுவந்து படுக்கவைக்கிறான். ஒரு நாய் வந்து ஒருவரின் முகத்தை நக்குகிறது. அவர் எழுந்து உட்கார்கிறார். பிறகு வாசலுக்கு வாசல் எழுந்து உட்கார்கிறார்கள்.

முனிரத்தினம் டெக்கை நிறுத்தினார்.

"சார், அன்னிக்கு நான் பயந்து ஓடிட்டேன்னு எழுதினீங்களாமே."

"ஆமாம்."

"ஓட்றவன் ஏணி பக்கந்தானே ஓடுவான்? நான் எந்தப் பக்கம் போனேன்?"

ஏணி என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவர் விழுந்தது கவுஸ் மேல்.

"மண்டை கொழம்பிக் கெடந்தது சார். ஃபயர் சர்வீஸுன்னு எனக்குத் தெரியும், ஆனா அப்ப தெரியல. அவன்தான் வந்துட்டான், கவுஸ எடுத்துனு போவ வந்துட்டான்னு நெனச்சேன். அதான் அவன் மேல படுத்துக்கினேன். அவன வுட்டுடு, என்னிய எடுத்துனு போன்னு கத்தினேன். உங்களுக்குக் கேக்கலையா?"

"கேக்கல" என்றேன். அறிக்கை எழுதிய என் கையை நினைத்து வெட்கமாக இருந்தது. அரசாங்கக் கோப்பில் ஒரு வரியை மாற்ற என்னால் முடியாது. இங்கே மாற்றுகிறேன்: முதல் நபர் ஓடவில்லை.

முனிரத்தினம் எழுந்து சட்டையை மாட்டினார். "வாங்க சார். திருப்பி வுடுவான்னு கவுஸு சொன்னான், படத்துல திருப்பி வுட்டுட்டான். ஒரு பிரியாணி பந்தயம்."

சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போனேன். பைபாஸ் ஓரத்துக் கடையில் ஒரு பொட்டலம் வாங்கினார். நாலு தெரு தள்ளி ஒரு கதவைத் தட்டினார். கவுஸின் மனைவி ஜைத்தூன் திறந்தார். பொட்டலத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னாத்துக்கு அண்ணா இது? இவரு யாரு?"

நான் யோசிக்கவில்லை. பழக்கம்தான். மூன்றடி தள்ளியே நின்று, வலது கையைத் தூக்கிக் காட்டினேன். "என் பேரு ஜெயசீலன்மா. அன்னிக்கு தொட்டில எறங்கினவன்."

அவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். முனிரத்தினம் பொட்டலத்தை நீட்டினார். "கவுஸு எங்கிட்ட ஒரு பந்தயம் கட்டினான்மா. இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. அவன் ஜெயிச்சிட்டான்."

ஜைத்தூன் இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டார். உள்ளே திரும்பி மகளைக் கூப்பிட்டார். "தட்டு எடுத்துனு வாம்மா. உங்க அப்பா ஜெயிச்சிட்டாராம்."